கோமதியம்மாள் வீட்டுப் பச்சடி

சுந்தரபாய் டீச்சர் வீட்டுப் புறவாசலில் ரோஜா ஆசைப்பட்டு வைத்தது. தக்காளி தானாக வந்தது.

ரோஜா அவள் புருஷன் சத்தியநாதனுடைய பைத்தியம். அவர் தாலுகா ஆபீஸில் கிளார்க். சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் குளித்துவிட்டு மங்குஸ்தான் பழம் வாங்கி வருவார்கள். சத்தியநாதன் குளித்த தலை காய்வதற்குள் செடிக்கடையில் போய் நிற்பார். வாங்கின பதியனை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் முழங்கை பட்டுவிடாமல் காவல் காத்து, சங்கரன்கோவில் வரைக்கும் பஸ்ஸில் வருவார். மீன் கழுவின தண்ணீரும், காப்பிச் சக்கையும், இடித்த முட்டை ஓடும் அதுகளுக்குத்தான். மகன் பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குப் படிக்கப் போன பிறகு, ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றுமுன் அவர் விசாரிப்பது அந்தச் செடிகளைத்தான்.

தக்காளி அப்படியல்ல. பாத்திரம் கழுவுகிற இடத்தில் அழுகின பழம் ஒன்று விழுந்து, முளைத்து, ரோஜாப் பாத்தியை ஒட்டியே படர்ந்துவிட்டது. சுந்தரபாய் குச்சி நட்டு, கிழிந்த சேலைக்கரையால் கட்டிவிட்டாள். வரிவரியாய்ப் பிளந்த நாட்டுத் தக்காளி. கடித்தால் நாக்கில் சுள்ளென்று புளிக்கும். அடுப்பில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்ட பிறகு ஓடிப்போய்ப் பறித்து, வெயில் சூடு ஆறாத பழத்தைக் கையாலேயே பிசைந்து ரசம் வைப்பாள். சில நாள் தணலில் சுட்டு, தோலை உரித்து, சின்ன உள்ளியும் மிளகாய் வத்தலும் உப்பும் வைத்துத் துவையல் அரைப்பாள். சுடுசோறு, ஒரு கரண்டி நல்லெண்ணெய், அந்தத் துவையல். இதற்குமேல் என்ன வேண்டும் என்று சத்தியநாதன் தட்டை வழித்து நக்குவார்.

எழுபத்தொன்பதாம் வருஷம் கார்த்திகை மாசம். மழை தாராளமாய்ப் பெய்து, நாலைந்து நாள் வெறித்திருந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த கோமதியம்மாள் மகள் அன்னக்கிளியை வாசுதேவநல்லூரிலிருந்து பெண் பார்த்துப் பேசி முடிக்க வருகிறார்கள் என்று பேச்சு. கோமதியம்மாளும் சுந்தரபாயும் நல்ல பழக்கம். அன்னக்கிளி சின்ன வகுப்பில் டீச்சரிடம் படித்தவள். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சுந்தரபாய் ஓலைப்பெட்டி நிறையத் தக்காளி பறித்தாள். அன்னக்கிளி தலைக்கு என்று இரண்டு சிவப்பு ரோஜாவும் நறுக்கி மேலே வைத்தாள். கேட்க ஆள் இல்லை; சத்தியநாதன் சர்ச்சில் ஆராதனைக்குப் பாய் விரிக்க முன்னாலேயே போய்விட்டார். சுந்தரபாய் ஆராதனைக்குப் போகிற வழியில் பெட்டியைக் கோமதியம்மாள் கையில் கொடுத்தாள். கடையில் வாங்கின தக்காளி நசுங்கிப் போச்சே என்று தவித்துக்கொண்டிருந்தேன், நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் டீச்சர் என்று அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

ஆராதனை முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். சத்தியநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரசங்கத்தைப் பற்றி ஏதோ பேசியவர், நடுவில் நினைவு வந்தவர்போலச் சொன்னார்.

“ரோஜா மொட்டுல இருந்த பச்சைப்பேன் பூராவும் போச்சு, பாத்தியா? நேத்து நீ பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தப்போ மருந்து அடிச்சேன்.”

“என்ன மருந்து?”

“சுலைமான் உரக்கடையில வாங்குனதுதான். பருத்திக்கு அடிக்கது. லேசா காத்து இருந்திச்சு, தக்காளி மேலயும் பட்டிருக்கும். பத்து நாளைக்கு அதைப் பறிச்சிராத. ராத்திரியே சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்.”

சுந்தரபாய்க்குக் கால் நின்றுவிட்டது. கையிலிருந்த வேதப்புத்தகத்தை அவரிடம் நீட்டினாள். அவர் ஏன் என்று பார்த்தார். காலையில் பறித்ததையும் கொண்டுபோய்க் கொடுத்ததையும் அவள் சொன்னபோது, வெயிலில் நின்ற அந்த மனுஷர் முகத்தில் ரத்தம் இல்லை.

“நீங்க சுலைமானைக் கூட்டிட்டு வாங்க,” என்றாள். “நான் அங்க போறேன்.”

கடை ஞாயிற்றுக்கிழமை அடைப்பு. வீட்டுக்குப் போய்த்தான் கூப்பிட வேண்டும். சத்தியநாதன் சைக்கிளில் ஏறி மிதித்தார். சுந்தரபாய் வெள்ளைச் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நாற்பது வயசுக்கு மேல் ஒரு டீச்சர் தெருவில் ஓடினால் ஊர் பார்க்கத்தான் செய்யும். பார்த்தது. அவளுக்கு அது கண்ணில் படவில்லை. போன மாசம் இளையரசனேந்தல் பக்கம் பருத்திக்கு மருந்து அடித்த ஒருவன், கை கழுவாமல் கஞ்சி குடித்து, வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனான் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த நுரைதான் அவள் கண்முன் வந்து வந்து நின்றது. இன்னும் சமையல் ஆகியிருக்காது, வாசுதேவநல்லூர் பஸ் வந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினாள்.

பஸ் வந்திருந்தது. வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே ஆண்பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம், இலையில் தண்ணீர் தெளிக்கிற சத்தம். அவள் சந்து வழியாகச் சுற்றிப் புறவாசலுக்குப் போனாள்.

அடுக்களைக் கதவு பாதி சாத்தியிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தாள். கோமதியம்மாளின் தங்கை முத்துத்தாய் ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கோமதியம்மாள் புதுச்சேலையில், நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தபடி, தங்கையிடம் மெள்ளச் சிரித்துப் பேசினாள். இந்தச் சம்பந்தத்துக்கு அந்த அம்மாள் எத்தனை கோயில் ஏறி இறங்கினாள் என்று சுந்தரபாய்க்குத் தெரியும். இதற்கு முன்னால் வந்த ஒரு பேச்சு, சாமி கும்பிடப் போன இடத்தில் விளக்கு அணைந்தது என்கிற ஒரே காரணத்தால் தட்டிப் போயிருந்தது.

கதவில் வைத்த கையை அவள் தள்ளவில்லை. கழுவித்தானே போட்டிருப்பார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது. ரசம் கொதித்துவிட்டது, கொதித்தால் விஷம் போய்விடாதா. இப்போது திரும்பிப் போனால் தான் வந்தது யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது. ஆனால் நன்றாக, தெளிவாக இருந்தது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“டீச்சர், வாங்க வாங்க. உங்க தக்காளி பச்சடியை மாப்பிள்ளைக்கு மாமா ரெண்டாந்தரம் கேட்டு வாங்குதாரு,” என்றாள் கோமதியம்மாள்.

சுந்தரபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், மூச்சு வாங்கியதால் அதற்குமேல் சொல்லவும் முடியவில்லை. முத்துத்தாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நல்லாக் கழுவித்தானே நறுக்கினோம் என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள். கோமதியம்மாள் அடுப்பண்டை போனாள். ரசப்பானையை மூடினாள். மூடின தட்டின்மேல் கையை வைத்தபடியே நின்றாள். சாம்பாரில் தக்காளி இல்லை, ரசத்திலும் பச்சடியிலும்தான். ரசம் இன்னும் பந்திக்குப் போகவில்லை. பச்சடி எல்லா இலையிலும் இருந்தது.

“இப்பம் போய் எப்படி டீச்சர் சொல்லுவேன்?” என்றாள் கடைசியில். “பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு வெஷம் வச்சாங்கன்னு ஆயிரும். அதுக்குப் பெறகு எவன் வருவான் எங்க வீட்டுக்கு?”

கூடத்திலிருந்து கோமதியம்மாள் புருஷன் பிச்சையா, “செல்லப்பா அண்ணாச்சிக்கு இன்னும் கொஞ்சம் பச்சடி கொண்டாங்க,” என்று குரல் கொடுத்தார்.

அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த அறையில் அன்னக்கிளி நின்றுகொண்டிருந்தாள். பட்டுச்சேலை, கொண்டையில் அந்த இரண்டு ரோஜா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் தாயைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு தலையிலிருந்த பூவைப் பிடுங்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, யாரும் தடுக்குமுன் கூடத்துக்குள் போனாள்.

“யாரும் பச்சடியைத் தொடாதீங்க,” என்றாள். “செடிக்கு அடிச்ச பூச்சிமருந்து அந்தத் தக்காளியில பட்டிருக்கு. எங்களுக்கு இப்பந்தான் தெரிஞ்சுது.”

பெண்ணுடைய குரலைக் கேட்பதற்காகவே ஏதாவது கேள்வி கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இப்படிக் கேட்போம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை சௌந்தரபாண்டியன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அண்ணாந்து பார்த்தான். அவன் தாய் பேச்சித்தாய், பெண்கள் வரிசையில், கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவள் தம்பி செல்லப்பா மட்டும் இலையில் இருந்த கடைசிப் பச்சடியை விரலால் வழித்து வாயில் வைத்திருந்தார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சுந்தரபாய் கூடத்துக்கு வந்து, தப்பு இந்த வீட்டுத் தப்பில்லை, எங்கள் தோட்டத்துத் தக்காளி, தெரியாமல் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்று சொன்னாள். பிச்சையா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இலைகள் அப்படி அப்படியே கிடந்தன.

சைக்கிள் கேரியரில் சுலைமானை வைத்துக்கொண்டு சத்தியநாதன் வந்து சேர்ந்தார். சுலைமான் லுங்கியோடேயே வந்திருந்தார். யார் யார் சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது என்று விசாரித்தார். மற்றவர்கள் தொட்டுக்கொண்டதோடு சரி. செல்லப்பா இரண்டு கரண்டிக்குமேல். கழுவியிருக்கிறார்கள், பயம் இல்லை என்றுதான் நினைக்கிறேன் என்றார் சுலைமான். ஆனால் அவர் அதைச் சொன்ன விதம் யாருக்கும் தைரியம் கொடுக்கவில்லை. வேகவைக்காத பச்சடி என்பதால் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்றார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல வே,” என்றார் செல்லப்பா. “நல்லா புளிப்பா, ருசியாத்தான் இருந்திச்சு.” சொல்லி முடித்ததும் அவர் நெற்றியில் வேர்வை பொடித்தது. அதைப் பார்த்து அவர் அக்காள் அழ ஆரம்பித்தாள்.

குதிரை வண்டி பிடித்துக்கொண்டு போனார்கள். டியூட்டியில் இருந்த டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், நாடி பிடித்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், எச்சில் அதிகமாய் ஊறினாலோ கண் மங்கினாலோ உடனே கூப்பிடுங்கள் என்றார்.

அந்தச் சாயங்காலம் வருவதற்கு வெகுநேரம் ஆனது. வராந்தா பெஞ்சில் செல்லப்பா படுத்திருக்க, ஒரு பக்கம் அவர் ஆட்கள், மறுபக்கம் பிச்சையா, கொஞ்சம் தள்ளித் தூணோரம் சுந்தரபாயும் சத்தியநாதனும். செல்லப்பா எச்சில் விழுங்கும் ஒவ்வொரு தடவையும் அத்தனை பேரும் அவர் தொண்டையைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அவருக்கு எச்சில் ஊறியது. கண் எரிகிறது என்று ஒருமுறை சொன்னார். வேர்வை கண்ணுக்குள் இறங்கியிருந்தது. சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாடு போர்டைக் காட்டி, எழுத்துத் தெரிகிறதா என்று பேச்சித்தாய் கேட்டுக்கொண்டேயிருந்தாள். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது அவளுக்கு மறந்துவிட்டது. சுந்தரபாய் ஜெபம் பண்ணப் பார்த்தாள். ஒரு வரிக்குமேல் ஓடவில்லை. இந்த மனுஷர் பிழைக்க வேண்டும் என்று ஆரம்பித்தால், கதவிடுக்கில் தான் நின்ற அந்த ஒரு மூச்சு நேரம் குறுக்கே வந்தது. சத்தியநாதன் தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து முகர்ந்து பார்த்தார். நேற்றே சோப்புப் போட்டுக் கழுவின கை.

வெயில் தாழ்ந்தபோது செல்லப்பா எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார். டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

கோமதியம்மாள் காலையில் சமைத்தது அத்தனையையும் குழி தோண்டிக் கொட்டியிருந்தாள். பானை, சட்டி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிட்டு, புதுசாக உலை வைத்து, பாசிப்பருப்பு, புளியங்குடி எலுமிச்சம்பழம் பிழிந்த ரசம், சுட்ட அப்பளம் என்று செய்து வைத்திருந்தாள். விருந்து என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எல்லோரும் இரண்டாம் தரம் சோறு வாங்கினார்கள். கடைசி பஸ்ஸுக்குப் புறப்படும்போது மாப்பிள்ளையின் தகப்பனார், “சொல்லி அனுப்புதோம்,” என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தப் பக்கத்தில் பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும்.

சொல்லி அனுப்பவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் யாரும் நல்ல பேச்சு எடுக்க மாட்டார்கள். பேச்சு முறிந்துவிட்டதா, கிடக்கிறதா என்று கேட்கவும் முடியாது.

சுந்தரபாய் தக்காளிச் செடியில் இருந்த காய், பழம் எல்லாவற்றையும் பறித்துப் புதைத்தாள். செடியைப் பிடுங்க மனசு வரவில்லை. பூத்துக் காய்த்த பிறகும் தொடவில்லை. பழுத்ததை அணில் கடித்துப் போட்டது. அணில் எங்காவது செத்துக் கிடக்கிறதா என்று காலையில் எழுந்ததும் தேடினாள். வீட்டில் புளியைக் கரைத்துத்தான் ரசம். அதுவும் வாயில் வைத்தால் ஏதோ வாடை அடிக்கிறமாதிரி இருந்தது. சத்தியநாதன் மருந்து டப்பாவைச் சுலைமானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ரோஜாவில் மறுபடி பேன் ஏறியது. விரலாலேயே ஒவ்வொன்றாக நசுக்கினார்; நசுக்கிவிட்டு விரலைக் கழுவினார், கழுவிவிட்டு வந்து மறுபடி நசுக்கினார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆலயத்தில் வைக்க அவருடைய பூதான் போகும். அந்த வருஷம் கேட்டு வந்தவர்களிடம், மொட்டு சரியாக விரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அவள் ஒருநாளும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

கோமதியம்மாள் எதிரே பட்டால் பேசுவாள். மழையைப் பற்றி, பள்ளிக்கூட லீவைப் பற்றி. நின்று பேச மாட்டாள். வாசுதேவநல்லூர் போர்டு போட்ட பஸ் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சுந்தரபாய்க்கு எந்த வாய்ப்பாடு என்பது மறந்துபோகும்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், வீட்டு வாசலில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. செல்லப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை, தோளில் துண்டு. சுந்தரபாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மருந்து உள்ளே போய் மெதுவாகத்தான் வேலை செய்யுமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

“டீச்சரம்மா, எங்க அந்தத் தக்காளி?” என்றார் செல்லப்பா. “ஊர்ல ஒருத்தன் பாக்கி இல்லாம சொல்லிட்டேன், வெஷம் தின்னு செமிச்சவன்னு. செடியைப் பாக்காமப் போனா நம்ப மாட்டான்.”

காப்பி போட்டுக் கொடுத்தாள். டம்ளரை வாங்கினவர் உள்ளே ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். குடித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு அவர்கள் ஊர் திரும்பினபோது குளம் நிறைந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. மறுநாளே நடவு. நாற்று முற்றுகிறது, ஆள் கிடைக்கவில்லை, வீட்டில் சின்னவன் பெரியவன் எல்லோரும் வயலில். நடவு முடிந்து கையைக் கழுவினால் மார்கழி. மார்கழியில் எப்படி வாயைத் திறக்க? இப்போதுதான் தை பிறந்திருக்கிறது. பிச்சையா வீட்டில் போய், சித்திரையில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறார்.

“எங்க அக்கா பஸ்ஸுலயே, பொண்ணு இதுதான்னு முடிவு பண்ணிட்டா,” என்றார். “அந்தப் புள்ள வந்து சொல்லலன்னா நீ இன்னும் எத்தனை கரண்டி வாங்கித் தின்னுருப்பேன்னு, ஊரு போய்ச் சேருத வரைக்கும் என்னைப் போட்டுக் கொன்னுட்டா.”

அவரைச் செடியண்டை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் போன பிறகு, அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

அன்று சாயங்காலம் கோமதியம்மாள் வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாள் முறம் நிறைய அவரைக்காயை வைத்து நார் உரித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து உரித்தாள். அன்னக்கிளி உள்ளே யாரோடோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“உங்க மேல எனக்குக் கோவம் இருந்திச்சு டீச்சர்,” என்றாள் கோமதியம்மாள், கையைப் பார்த்தபடி. “மருந்து பட்டதுக்கு இல்ல. நீங்க வந்து சொன்னதுக்கு. சொல்லாம இருந்தா ஒண்ணும் ஆயிருக்காது, பேசி முடிஞ்சிருக்கும்னு தோணிக்கிட்டே இருந்திச்சு. ராத்திரி படுத்தா இதே நெனப்பு. அப்பறம் என்னைய நெனச்சே எனக்குப் பயமாயிட்டு.”

சுந்தரபாய், அன்றைக்குத் தான் கை வைத்து நின்ற அடுக்களைக் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். முறத்தை இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு கை அவரைக்காயை அள்ளி நார் உரிக்க ஆரம்பித்தாள். பேச்சு முகூர்த்தப் புடவைக்குப் போயிற்று. எந்த ஊரில் எடுப்பது, என்ன கலர் என்று பொழுது இருட்டுகிற வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.